அறிவைக் கூட்டும் பொருள் என்று எதைச் சொல்வது?

பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் தெரு மருந்துக் கடையில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழும். "பாப்பாவுக்குப் பன்னெண்டாவது பரீட்சை வருதுண்ணே, ஞாபக சக்திக்கு ஏதாச்சும் குடுங்க." கேட்பவர் பெரும்பாலும் பெண்ணின் அப்பாவாக இருப்பார், வேலை முடிந்து நேரே கடைக்கு வந்த களைப்பு முகத்தில் தெரியும். கடைக்காரர் யோசிக்கவே மாட்டார். பின்னாலிருந்து பச்சை அட்டைப் பெட்டி ஒன்று வந்து மேசையில் உட்காரும்.

போன வருடம் அந்தப் பெட்டியை நானும் வாங்கி வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து லேபிளைப் படித்தேன். பத்து மில்லி மருந்தில் நீர்ப்பிரம்மி, வல்லாரை, சங்கபுஷ்பி, அமுக்கரா என ஏழெட்டு மூலிகைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மில்லிகிராம் கணக்கில் சிறிய எண்கள். கடைசி வரியில் சர்க்கரைப் பாகு, 'போதுமான அளவு'. பெட்டியின் முகப்பில் கையில் கோப்பையோடு சிரிக்கும் பிள்ளை. மூளை என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது. எந்தச் சோதனையில் எந்தத் திறன் எவ்வளவு கூடியது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

அந்த அப்பாவின் கேள்வி முழுக்க நியாயமானது. கற்பதை எளிதாக்கும், மறதியைக் குறைக்கும் பொருள் ஒன்று உண்மையிலேயே இருக்குமானால் தன் பிள்ளைக்கு அதை வாங்கித் தர யாருக்குத்தான் மனம் வராது? எந்தப் பொருளை அப்படிச் சொல்லலாம், எந்த அளவுகோலை வைத்துச் சொல்லலாம் என்பதில்தான் அறுபது ஆண்டுகளாக ஆய்வாளர்களிடமே ஒத்த கருத்து இல்லை. இந்தக் குழப்பத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன். இந்தக் குழப்பத்தில்தான் அந்தப் பச்சைப் பெட்டிகள் விற்கின்றன.

இப்படிப்பட்ட பொருளுக்கு முதலில் இலக்கணம் எழுதியவர் கோர்னேலியு ஜுர்ஜியா. ருமேனியாவில் பிறந்தவர், பெல்ஜியத்தில் யு.சி.பி. என்ற மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1964-ல் அங்கே பிராசெட்டம் என்ற மருந்து உருவானது. அதைத் தூக்க மருந்து என்றும் சொல்ல முடியவில்லை, ஊக்க மருந்து என்றும் சொல்ல முடியவில்லை. ஆகவே 1972-ல் ஜுர்ஜியா அதற்கென்றே 'நூட்ரோபிக்' என்று ஒரு வகையைப் படைத்தார். கிரேக்க மொழியில் 'நூஸ்' என்றால் மனம். மனத்தைத் திருப்புவது என்பது பெயரின் பொருள். கற்றலையும் நினைவையும் வளர்க்க வேண்டும். பிராணவாயுக் குறைவு, மின்னதிர்ச்சி போன்ற தாக்குதல்களிலிருந்து மூளையைக் காக்க வேண்டும். மூளையின் கட்டுப்பாட்டு அமைப்புகளைச் செம்மையாக்க வேண்டும். அதே சமயம் தூக்கம் வரவைக்கவோ, படபடப்பைத் தரவோ கூடாது. நச்சுத்தன்மை மிக மிகக் குறைவாக இருக்க வேண்டும். இவையே அவர் போட்ட நிபந்தனைகள்.

படிக்க அழகான இலக்கணம். ஆனால் அது ஒரே மருந்தின் அளவுக்குத் தைத்த சட்டை. அந்தச் சட்டையைப் போட்டால் காபி வெளியே நிற்கும், டீ வெளியே நிற்கும், பின்னால் வந்த பெரும்பாலான 'மூளை மருந்து'களும் வெளியேதான் நிற்கும். உள்ளே இருக்க வேண்டிய பிராசெட்டமாவது உறுதியாக நின்றதா என்றால், அதுவும் இல்லை. முதியோரின் மறதி நோய்க்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் திறனாய்வு, பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. பிரிட்டனில் அது அனுமதி பெற்றது தசை வெட்டி வெட்டி இழுக்கும் ஒரு நரம்புக் கோளாறுக்கு. ஒரு வகைக்கே பெயர் தந்த மருந்து, அந்த வகையில் தன் இடத்தை நிரூபிக்க முடியாமல் நிற்கிறது.

அந்த இலக்கணத்தை விட்டுவிட்டு, வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம் என்பது அடுத்த வழி. நலமாக இருக்கும் ஒருவருக்குக் கொடுத்து, சோதனையில் திறன் கூடினால் அது அறிவைக் கூட்டும் பொருள். இந்த அளவுகோலில் முதல் வரிசையில் வந்து உட்காருவது நம் வீட்டு டபராவில் நுரைக்கும் காபி.

காபிக் கொட்டையிலிருந்து காஃபீனை முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஃப்ரீட்லீப் ரூங்கே, ஆண்டு 1819. கொட்டைகளை அவர் கையில் கொடுத்து ஆராயச் சொன்னவர் கவிஞர் கதே. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தன் ஏற்பிகளில் போய் உட்கார உட்கார நமக்கு அசதியும் தூக்கமும் வரும். காஃபீன் அதே ஏற்பிகளில் முந்திப் போய் இடம் பிடித்துக்கொள்கிறது. அசதி எங்கும் போய்விடவில்லை. அசதியின் செய்திதான் மூளைக்குப் போய்ச் சேரவில்லை. விழிப்பு கூடுகிறது, எதிர்வினை வேகமாகிறது, சலிப்பூட்டும் வேலையில் கவனம் நிலைக்கிறது. இதற்கெல்லாம் சான்று தாராளமாக இருக்கிறது. புதிய கருத்தைப் புரிந்துகொள்வதற்கோ, ஆழ்ந்த நினைவுக்கோ காஃபீன் செய்வது சொற்பம்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தினமும் இரண்டு வேளை காபி குடிப்பவர் காலையில் காபி இல்லாமல் தலைவலியோடும் மந்தத்தோடும் உட்கார்ந்திருக்கிறார். முதல் டபரா உள்ளே போனதும் பளிச்சென்று ஆகிறார். கூடியது என்ன? அவருடைய இயல்பான திறனுக்கு மேலே ஏதாவது சேர்ந்ததா, அல்லது காபி இல்லாததால் சரிந்தது பழைய இடத்துக்கு வந்ததா? பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ரோஜர்ஸ் குழு 379 பேரிடம் இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்டது. வழக்கமாகக் காபி குடிப்பவர்கள் காஃபீன் எடுத்த பிறகு அடைந்த விழிப்பு, காபியே குடிக்காதவர்கள் அல்லது மிகக் குறைவாகக் குடிப்பவர்கள் காஃபீன் எடுக்காமல் இருந்த நிலையைவிட மேலே போகவில்லை. என் அம்மா வாரம் ஒரு நாள் விரதத்தில் காபியைத் தவிர்ப்பார். அன்று மாலை வரை தலையைப் பிடித்துக்கொண்டே இருப்பார். காபி அவருக்குத் தந்தது கூடுதலா, கடன் அடைப்பா என்று அந்த ஆய்வைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

தூக்கக் கணக்கையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். உடலில் போன காஃபீனில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் எடுத்தாலே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பகலில் படித்தது நினைவில் பதிவது தூக்கத்தில். பரீட்சைக்கு முந்தின இரவு பதினொரு மணிக்குக் காபி போட்டுக் கொடுக்கும் அம்மாக்களுக்கு இதைப் பணிவோடு சொல்ல விரும்புகிறேன்: அந்த டம்ளர் விழிப்பைக் கொடுத்துவிட்டு, படித்ததைப் பதிய வைக்கும் நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

காபியைவிடப் பல மடங்கு வலிமையானவை ஆம்ஃபெட்டமின் குடும்பத்து மருந்துகள். 1930-களில் பென்செட்ரின் என்ற பெயரில் அது அமெரிக்கச் சந்தைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு பரிசோதனை வழியாக மாணவர்களுக்கு அறிமுகமாகி, பரீட்சைக் காலத்து மாத்திரையாக மாறியது. ஆகவே இந்தப் பழக்கம் இணைய காலத்தில் பிறந்ததல்ல. கணிதமேதை பால் ஏர்டிஷ் கதையைக் கணிதம் படித்த பலரும் அறிவார்கள். ஆம்ஃபெட்டமின் எடுத்துக்கொண்டு நாளெல்லாம் கணக்குப் போட்டவர் அவர். 1979-ல் நண்பர் ரான் கிரஹாம், ஒரு மாதம் அதை நிறுத்திக் காட்டச் சொல்லி 500 டாலர் பந்தயம் கட்டினார். ஏர்டிஷ் நிறுத்தினார், ஜெயித்தார். அந்த ஒரு மாதம் கணிதம் பின்தங்கிப் போனது என்று நண்பரிடம் குறைபட்டுக்கொண்டு மறுபடி தொடங்கினார். இந்தக் கதையைச் சொல்லி அந்த மருந்துக்கு நற்சான்று தருபவர்கள் இருக்கிறார்கள். பல ஆண்டுகள் பழகிய மருந்தை நிறுத்திய ஒருவருடைய மந்தம், அந்த மருந்து பழகாத ஒருவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. மேலே பார்த்த காபிக் கணக்கே இங்கும் பொருந்தும்.

மெத்தில்பெனிடேட் 1944-ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் உருவாக்கியது. அதன் வணிகப் பெயரான ரிட்டலின், அவருடைய மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயர் ரீட்டாவிலிருந்து வந்தது. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு, மருத்துவர் மேற்பார்வையில், இது பெரிய உதவி. வகுப்பில் ஐந்து நிமிடம் உட்கார முடியாமல் தவித்து, அடியும் திட்டும் வாங்கிய ஒரு பிள்ளை நிம்மதியாகப் படிக்க ஆரம்பிப்பதை நேரில் பார்த்தவர்கள் அதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். இந்தியாவில் இது போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் கண்டிப்பான கட்டுப்பாட்டில்தான் கிடைக்கும். கோளாறு எதுவும் இல்லாதவர் எடுத்தால் என்ன ஆகும் என்பதே நம் கேள்வி.

இதற்கு மிகத் தெளிவான பதில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து 2023-ல் வந்தது. நலமான 40 பேர். கொடுத்தது முதுகுப்பைக் கணக்கு: ஒரு பை, அது தாங்கும் எடைக்கு ஒரு வரம்பு, ஒவ்வொன்றுக்கும் தனி எடையும் தனி மதிப்பும் உள்ள பல பொருள்கள், எடை மீறாமல் மொத்த மதிப்பு அதிகமாக வரும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். சந்தைக்குக் கட்டைப்பையோடு போகிற எவரும் தினம் போடுகிற கணக்குதான். ஆனால் பொருள்கள் கூடக் கூடக் கணினிக்கே கடினமாகிவிடும். ஒவ்வொருவரும் வெவ்வேறு நாளில் மெத்தில்பெனிடேட், மொடாஃபினில், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின், மருந்தே இல்லாத போலி மாத்திரை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போட்டார்கள். மருந்து நாள்களில் அவர்கள் அதிக நேரம் உழைத்தார்கள். பொருள்களை அதிகத் தடவை எடுத்தும் வைத்தும் பார்த்தார்கள். பையில் சேர்ந்த மதிப்போ குறைந்தது. உழைப்பு கூடி, உழைப்பின் தரம் இறங்கியது. போலி மாத்திரை நாளில் சராசரிக்கு மேலே இருந்தவர்கள் மருந்து நாளில் சராசரிக்குக் கீழே சரிகிற போக்கும் தெரிந்தது.

சென்னைக்காரர்களுக்குப் பிடித்த துறையிலிருந்தே இன்னொன்று. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 39 சதுரங்க ஆட்டக்காரர்களுக்கு மொடாஃபினில், மெத்தில்பெனிடேட், காஃபீன் ஆகியவற்றைக் கொடுத்து, கணினியோடு 3,000-க்கும் மேற்பட்ட விரைவு ஆட்டங்கள் ஆட வைத்தார்கள். மருந்து எடுத்தவர்கள் ஒவ்வொரு காயையும் நகர்த்த அதிக நேரம் எடுத்தார்கள். கடிகாரம் தீர்ந்து தோற்ற ஆட்டங்கள் பெருகின. அந்தத் தோல்விகளைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தால் ஆட்டத்தில் ஓரளவு முன்னேற்றம் இருந்தது. ஆக, ஆழ்ந்து யோசிப்பது ஒரு திறன், நேரத்துக்குள் முடிவெடுப்பது வேறொரு திறன். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கியது. 'அறிவு' என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவது கவனம், வேகம், நினைவு, திட்டமிடல், தீர்மானம் என்று பல. எல்லாவற்றையும் ஒருசேர ஏற்றும் பொருள் எதையும் நான் படித்த ஆய்வுகளில் பார்க்கவில்லை.

இந்த மருந்துகள் நிச்சயமாக ஏற்றுவது ஒன்று உண்டு: நம்பிக்கையை. 2013-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்த்தா ஃபாரா குழு 46 பேருக்கு ஆம்ஃபெட்டமின் கலவை மருந்தைக் கொடுத்துப் பல சோதனைகள் வைத்தது. மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மருந்து தங்கள் திறனைக் கூட்டியதாக அவர்கள் உணர்ந்தார்கள். எடுத்துப் பார்த்தேன், நன்றாக வேலை செய்தது என்று நண்பர் சொல்வதை ஏன் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

மொடாஃபினில் பகலிலும் தூக்கம் தள்ளும் நார்கொலெப்சி நோய்க்கான மருந்து. அமெரிக்காவில் 1998-ல் அனுமதி பெற்றது. நலமானவர்களிடம் நடந்த 24 ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டுத் திறனாய்வு, திட்டமிடல், முடிவெடுத்தல் போன்ற சிக்கலான வேலைகளில் கொஞ்சம் பலன் இருப்பதாகச் சொன்னது. எட்டு ஆண்டு கழித்து வந்த முதுகுப்பைக் கணக்கு அதன்மேல் கேள்வியை வைத்தது. அரிதாக உயிருக்கே ஆபத்தான தோல் எதிர்வினை, கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைப்பது, கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு ஆகியவை இதன் மறுபக்கம்.

இனி நம் வீட்டுப் பக்கம் வருவோம். பரீட்சை நாள்களில் என் பாட்டி அம்மியில் வல்லாரைத் துவையல் அரைப்பார். இலையை நல்லெண்ணெயில் வதக்கும்போது எழும் அந்தப் பச்சை வாசனையும், புளியும் மிளகாயும் சேர்ந்த பிறகும் நாக்கின் ஓரத்தில் நிற்கும் அந்த இளங்கசப்பும் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஆயுர்வேதத்தின் சரகர் நூலில் 'மேத்ய ரசாயனம்' என்று நான்கு மூலிகைகள் வரும்: வல்லாரைச் சாறு, பாலில் அதிமதுரப் பொடி, சீந்தில் சாறு, சங்கபுஷ்பி விழுது. 'மேதை' என்ற சொல்லோடு உறவுள்ள பெயர். அதாவது, அறிவைக் கூட்டும் பொருள் என்ற வகையை நம் மருத்துவ மரபு ஜுர்ஜியாவுக்குப் பல நூற்றாண்டு முன்பே வைத்திருந்தது.

ஆனால் பெயர்களிலேயே முதல் தடுமாற்றம். பிரம்மி என்றால் கேரளத்திலும் நம் பக்கத்திலும் நீர்ப்பிரம்மி. வடக்கே பல இடங்களில் வல்லாரையையே பிரம்மி என்பார்கள். இரண்டும் தாவரவியலில் வேறு வேறு குடும்பம். சங்கபுஷ்பி இன்னும் மோசம்: ஓர் ஊரில் அது ஊதா நிறச் சங்குப்பூக் கொடி, இன்னோர் ஊரில் விஷ்ணுகிராந்தி, வேறோர் ஊரில் கான்வால்வுலஸ் என்ற தரைப்படர் செடி. லேபிளில் ஒரு பெயர் இருக்கும்; பாட்டிலுக்குள் எது இருக்கிறது என்று படிக்கிற அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

ஆய்வில் மரியாதையாக நிற்பது நீர்ப்பிரம்மி. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதிலுள்ள பாக்கோசைடுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 2001-ல் ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் நலமான 46 பேருக்குத் தினம் 300 மில்லிகிராம் சாறு கொடுத்தார்கள். ஐந்தாவது வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டாவது வாரத்தில் கற்கும் வேகத்திலும், கற்றதைத் தக்கவைப்பதிலும் முன்னேற்றம் தெரிந்தது. 2014-ல் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வும் கவனத்தில் ஓரளவு பலன் இருப்பதை ஏற்றது. பெரிய ஆய்வுகள் வேண்டும் என்றும் சொன்னது. வயிற்றுப் புரட்டலும் பேதியும் சிலருக்கு வந்தன. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வாங்கும் பாட்டிலுக்கு இந்த ஆய்வுகளில் ஆதாரமே இல்லை.

வல்லாரையைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. 2017-ல் பதினோரு ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்த தொகுப்பாய்வு, அறிதிறனின் எந்தக் கிளையிலும் போலி மாத்திரையைவிட வல்லாரை மேல் என்று காட்ட முடியவில்லை என்றது. விழிப்பு கொஞ்சம் கூடியது, கோபம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குக் கோபம் தணிவதும் நல்லதுதான். துவையல் நல்ல கீரை உணவு. பாட்டியின் கை பட்டது. அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். நினைவாற்றலைக் கூட்டும் பொருள் என்ற பட்டத்தை மட்டும் இப்போதைய சான்றுகளை வைத்துக் கொடுக்க முடியாது. எனக்குப் பிடித்ததென்று அதற்கு ஓர் அளவுகோலும் மாத்திரைக்கு ஓர் அளவுகோலும் வைத்தால் இந்தக் கட்டுரைக்கே பொருள் இல்லை.

வெளிநாட்டு மூலிகையான ஜிங்கோவை அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் ஏறத்தாழ ஆறு ஆண்டு சோதித்துப் பார்த்தார்கள். மறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2008-ல் முடிவு வந்தது. ஜெல்லிமீன் புரதம் என்று விற்ற ப்ரிவஜன் மீது அமெரிக்க வணிக ஆணையமும் நியூயார்க் மாநிலமும் 2017-ல் வழக்குப் போட்டன. நினைவாற்றலைக் கூட்டும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என 2024 இறுதியில் நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை, எந்தெந்த நிலைகளைக் குணப்படுத்துவதாக ஒரு மருந்து உரிமை கோரக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. மூளைத் திறனைக் கூட்டுவதும் நினைவாற்றலை மேம்படுத்துவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அலமாரியில் இருக்கிற பெட்டிகளை நினைத்து வருத்தமாகவும் இருந்தது.

இதுவரை பார்த்தவற்றில் எதுவும் பெரிதாக நிற்கவில்லையே, அப்படியானால் அறிவைக் கூட்டும் பொருளே கிடையாதா என்று கேட்கலாம். இருக்கிறது. நாம் அதை அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை.

அயோடின். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் மூளை வளர தைராய்டு ஹார்மோன் வேண்டும். அந்த ஹார்மோனுக்கு அயோடின் வேண்டும். தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளுக்கு உலகிலேயே மிகப் பெரிய காரணம் அயோடின் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. அல்பேனியாவில் அயோடின் குறைவான 10 முதல் 12 வயதுக் குழந்தைகள் 310 பேரில் பாதிப் பேருக்கு அயோடின் எண்ணெய் ஒரே முறை கொடுத்தார்கள்; மற்றவர்களுக்குப் போலி மருந்து. 24 வாரத்தில் அயோடின் எடுத்த பிள்ளைகள் தகவலைக் கையாளும் வேகத்திலும், காட்சிப் புதிர்களைத் தீர்ப்பதிலும் முன்னே போனார்கள். 2006-ல் வெளியான அந்த ஆய்வை, மெல்போர்ன் ஆய்வுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் விலை உயர்ந்த மருந்து, படித்த இளைஞர்கள், தரம் குறைந்தது. மற்றதில் சில காசு பெறுமான ஒரு தனிமம், ஏழைப் பிள்ளைகள், திறன் கூடியது.

இந்தியாவில் இந்த வழியைத் திறந்தவர் டாக்டர் வி. ராமலிங்கசாமி. 1956-ல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டில் அயோடின் உப்பும் ஒன்றில் சாதா உப்பும் கொடுத்து, கழுத்துக்கழலை எப்படிக் குறைகிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். அந்த அனுபவத்தின் மேல்தான் 1962-ல் தேசியத் திட்டம் எழுந்தது. உப்பளங்கள் விரிந்து கிடக்கும் தூத்துக்குடியை வைத்திருக்கும் நம் மாநிலம், 2018-19-ல் நடந்த நாடு தழுவிய அயோடின் கணக்கெடுப்பில் கடைசியில் நின்றது. போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9. பச்சைப் பெட்டிக்குச் செலவிடும் வீடுகளில் எத்தனை வீடுகள் உப்புப் பையைத் திருப்பி, அயோடின் சேர்த்தது என்ற சொல்லைத் தேடியிருக்கும்?

அடுத்தது இரும்பு. 2010-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, பெரிய பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் நடந்த 14 ஆய்வுகளைச் சேர்த்தது. இரும்புச் சத்து மாத்திரை கவனத்தைக் கூட்டியது. ரத்தசோகை இருந்தவர்களிடம் அறிவுச் சோதனை மதிப்பெண்ணும் சற்று உயர்ந்தது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் நாட்டில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4. மருந்துக் கடையில் அப்பா நிற்கிறார். வீட்டில் இருக்கும் மகளுக்கு ரத்தசோகை இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட பாதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கடைசி பீரியடில் தலை சுற்றுகிறது என்று அவள் சொல்லியிருப்பாள். சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

இந்த இடத்தில் மருத்துவ நெறியாளர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள். அயோடினும் இரும்பும் குறையை நிரப்புகின்றன, அது சிகிச்சை. கூட்டுவது என்றால் குறை இல்லாதவரை மேலே ஏற்றுவது. இந்தக் கோடு தாளில் தெளிவாக இருக்கிறது, ஆளிடம் போனால் அழிந்துவிடுகிறது. காபி அசதி என்னும் குறையை நிரப்புகிறது. மொடாஃபினில் சிறப்பாக வேலை செய்வதும் தூக்கம் கெட்டவரிடம்தான். 2003-ல் சிட்னியில் 45 சைவ உணவுக்காரர்களுக்குக் கிரியேட்டின் கொடுத்தபோது நினைவுச் சோதனையில் நல்ல முன்னேற்றம் வந்தது. இறைச்சியில் கிடைப்பது அவர்கள் சாப்பாட்டில் இல்லாததால்தான் என்று அப்போது விளக்கினார்கள். 2023-ல் பெரிய அளவில் மறுபடி செய்தபோது பலன் மிகச் சிறிதாகச் சுருங்கியது. சைவம், அசைவம் என்ற வேறுபாடும் தெரியவில்லை. எந்தப் பொருளை எடுத்தாலும், பலன் தெளிவாகத் தெரிந்த இடத்தில் ஏதோ ஒரு குறை இருந்திருக்கிறது. குறையில்லாத மூளையை அதன் உச்சத்துக்கு மேலே தள்ளும் பொருள் என்று பார்த்தால் பட்டியல் கிட்டத்தட்டக் காலி.

ஆகவே என் முடிவு இது. 'அறிவைக் கூட்டும்' என்பது ஒரு பொருளுக்கு நிரந்தரமாக ஒட்டும் பெயர் ஆகாது. யாருக்கு, எந்த நிலையில், எந்தத் திறனை, என்ன விலை கொடுத்து என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பெயருக்குப் பொருள் வரும். இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு விடிகாலை மூன்று மணிக்குக் காஃபீன் அந்தப் பெயருக்கு உரியது. நன்றாகத் தூங்கி எழுந்த மாணவிக்கு இல்லை. கவனக் கோளாறு உள்ள பையனுக்கு மெத்தில்பெனிடேட் உரியது. அவனுடைய பக்கத்து இருக்கைக்காரனுக்கு இல்லை. ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு இரும்பு உரியது. அந்தப் பச்சைப் பெட்டி, யாருக்கு என்ற கேள்விக்கே பதில் சொல்லாததால், எவருக்கும் உரியது ஆகவில்லை.

நியாயத்தைப் பற்றிய பேச்சும் இதோடு வரும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2011-ல், மருத்துவர் சீட்டில்லாமல் ஊக்க மருந்து எடுத்துப் படிப்பதைத் தேர்வு மோசடி என்றே விதியில் சேர்த்தது. அது சரிதான் என்றே நினைக்கிறேன். ஆனால் காலைச் சாப்பாடு இல்லாமல் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கும், சாப்பிட்டு வரும் பிள்ளைக்கும் இடையே உள்ள வேறுபாடு அந்த மாத்திரையால் வரும் வேறுபாட்டைவிடப் பெரியது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய அரசுப் பள்ளிக் காலை உணவுத் திட்டத்தை நான் இந்தக் கட்டுரையின் பொருளோடு சேர்த்தே பார்க்கிறேன்.

மருந்துக் கடையில் நிற்கும் அந்த அப்பாவிடம் நான் சொல்ல விரும்புவது சுருக்கமானது. பெட்டியை வைத்துவிடுங்கள். பாப்பாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் ஹீமோகுளோபின் பாருங்கள். காசு கேட்க மாட்டார்கள். வீட்டு உப்புப் பையைத் திருப்பிப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துப் படுக்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு முறை வளரிளம் பிள்ளைகளுக்கு நீல நிற இரும்புச் சத்து மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்று பல பிள்ளைகள் அதைப் பையிலேயே வைத்துக் கொண்டுவந்து, பிறகு தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இந்த வாரம் முழுங்கினாயா என்று மகளிடம் கேளுங்கள். சாப்பிட்ட பிறகு, தண்ணீரோடு போடச் சொல்லுங்கள். காபி, டீயோடு மட்டும் வேண்டாம். அவை இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.